கண் திறக்காத கீரி

விலங்குகளின் பெருநகரம் ஒன்றில், காலை நேரப் பேருந்து பிதுங்கி வழிந்துகொண்டிருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த கீரி, நிறைமாத வெள்ளாடு ஒன்று தள்ளாடியபடி தன் பக்கத்தில் வந்து நிற்பதைப் பார்த்தது. உடனே கண்ணை மூடிக்கொண்டு தூங்குவதுபோல் நடித்தது.

கீரிக்குத் தானியக் கிடங்கில் காவல் வேலை. அந்த வாரத்தில் இரண்டு நாள் தாமதமாகிவிட்டது. "இன்னொரு நாள் லேட்டானா அப்படியே வீட்டுக்குப் போயிடு" என்று முதலாளி கரடி நேற்றுதான் சொல்லியிருந்தது.

பேருந்து குலுங்கும்போதெல்லாம் ஆடு மூச்சு வாங்குவது கீரிக்குக் கேட்டது.

"கிடங்கு ஸ்டாப் இறங்கு!" என்று கத்தியது கண்டக்டர் குரங்கு.

கீரி இறங்க வேண்டிய இடம் அதுதான். இப்போது சட்டென்று எழுந்தால், இத்தனை நேரம் நடித்தது எல்லோருக்கும் தெரிந்துபோகும். யாராவது தட்டி எழுப்ப மாட்டார்களா என்று தவித்தது.

"அந்தக் கீரி எங்க இறங்கணுமோ? எழுப்பிக் கேளும்மா" என்றது குரங்கு.

கீரிக்கு உயிர் வந்தது.

"பாவம்ண்ணே, வீட்டுல என்ன கஷ்டமோ, இப்படி அசந்து தூங்குது. விட்டுடுங்க" என்றது ஆடு.

குரங்கு விசில் ஊதியது. பேருந்து கிளம்பிவிட்டது.

ஆடு தன் துணிப்பையை மடித்து, கீரியின் தலை ஜன்னல் கம்பியில் இடிக்காதபடி மெல்ல அண்டக் கொடுத்தது. கீரி கண்களை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டது.