இடப்பக்க சீட்

போன மாதம் கொடைக்கானல் எஸ்டேட்காரர் ஒருவரிடம் அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கினேன். 1962 மாடல், இரண்டே சீட்.

“இதுலயா தெனமும் கம்பெனிக்குப் போவ, பிரீத்தி? கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடு” என்றார் அப்பா.

மறுநாளே விஸ்வநத்தத்திலுள்ள எங்கள் பட்டாசுக் கம்பெனிக்கு அதில்தான் போனேன். கூரையை மடக்கிவிட்டு, முகத்தில் காற்று அறைய, லாரிகளை எல்லாம் முந்திக்கொண்டு!

எங்கள் கேட்டில் உள்ளே போகிற ஒவ்வொரு தலையையும் எண்ணி எழுதுவார்கள். சாயங்காலம் அத்தனை தலையும் வெளியே வந்தால்தான் பூட்டலாம். வாட்ச்மேன் சீனிச்சாமி என் கார் நம்பருக்கு எதிரே ‘2’ என்று எழுதினார்.

“நான் மட்டுந்தானேண்ணே வந்தேன்?”

“ரெண்டு பேராத்தானம்மா வந்தீக.”

சிரித்துவிட்டுப் போனேன். தினமும் போகும்போது இரண்டு, வரும்போது இரண்டு. எண்ணிக்கை இடிக்கவே இல்லை.

நேற்றுச் சாயங்காலம் மட்டும் சீனிச்சாமி கேட்டைத் திறக்கவில்லை.

“ஒரு ஆளு கொறையுதும்மா. உள்ளதான் இருக்காக.”

ஒவ்வொரு ரூமாகத் தேடினோம். யாரும் இல்லை. ஆத்திரத்தில் காரில் ஏறி ஹாரனை விடாமல் அடித்தேன். இடப்பக்க சீட்டின் ஸ்பிரிங் முனகியது. கார் அந்தப் பக்கமாக மெல்லத் தாழ்ந்தது.

“சரியாப் போச்சு” என்று சீனிச்சாமி கேட்டைத் திறந்துவிட்டார்.

வீடுவரை பறந்தேன். அந்தக் கார் அதுவரை அப்படி ஓடியதே இல்லை.

இன்று காலை அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். “நானும் ஒரு ரவுண்டு வாரேன்.”

கார் ஏற்கெனவே இடப்பக்கம் தாழ்ந்திருந்தது.

“இடமில்லப்பா” என்றேன்.