அஞ்சுக்கு அஞ்சு

"இந்த ஒன்பது பேருக்கும் மறதி நோய். ஆனா உன் நோட்டுல எல்லாரும் அஞ்சுக்கு அஞ்சு. எப்படி?"

பேராசிரியர் வெர்கோட்டிஸ் தாள்களை மேசைமேல் எறிந்தார். ஆய்வுக்கூடமே வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தது.

மிர்சினி, இளங்கலை இரண்டாம் வருஷ மாணவி. மூளை நோய் ஆராய்ச்சிக்கான கோடைக்கால வாய்ப்புக்கு கிரீஸ் முழுக்க நூற்று நாற்பது பேர் விண்ணப்பித்ததில், தேர்வானது அவள் ஒருத்திதான். புது மருந்து சாப்பிடும் நோயாளியிடம் ஐந்து சொற்கள் சொல்லி, பத்து நிமிஷம் கழித்து எத்தனை ஞாபகம் இருக்கிறது என்று கேட்டுக் குறிக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

"சொல்லு. நீயே மார்க் போட்டுக்கிட்டியா?"

"இல்ல சார். அவங்கதான் சொன்னாங்க. நான்... ஆரம்பம் மட்டும் எடுத்துக் கொடுத்தேன்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"ஏன்?"

"இதுல திமியோஸ்னு ஒருத்தர், முப்பது வருஷம் தீவுக்குத் தீவு கப்பல் ஓட்டினவர் சார். ஒரு சொல்லும் வரலைன்னதும் தொப்பியால முகத்தை மூடிக்கிட்டு அழுதார். 'எலு...'ன்னேன். 'எலுமிச்சை'ன்னு கத்தினார். அன்னிக்கு மக கையைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சுட்டே போனார்."

"அவர் சிரிச்சார், சரி. நாளைக்கு இந்த எண்ணை நம்பி ஒரு உதவாக்கரை மருந்து கடைக்கு வரும். ஆயிரம் பேர் முழுங்குவாங்க. அவங்களையும் நீ போய் சிரிக்க வைப்பியா?"

அவளுக்குச் சுருக்கென்றது. அவர் சொல்வது சரிதான்.

"மூணு வாரப் பாடு குப்பைக்குப் போச்சு. பொய்க்காரிக்கு இங்க இடமில்ல. கிளம்பு."

அடையாள அட்டையைக் கழற்றி வைத்தாள்.

"இவ்வளவு இரக்கம் இருந்தா கன்னியாஸ்திரி மடத்துல சேர்ந்திருக்கலாமே!" என்று வாசலில் ஒருத்தன் கிண்டலடித்தான்.

பேருந்து நிறுத்தத்துக்கு வந்துதான் அழுதாள். பின்னால் யாரோ மூச்சிரைக்க ஓடிவரும் சத்தம். வெர்கோட்டிஸ்.

"நான் சொன்ன எதையும் மாத்திக்கப் போறதில்ல" என்றார்.

"வேண்டாம் சார். தப்பு என்மேலதான்."

அவர் போகவில்லை. சாலையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என் மனைவி கணக்கு டீச்சரா இருந்தவ. ரெண்டு வருஷமா அவளுக்கும் இதே நோய். வாராவாரம் நான்தான் டெஸ்ட் வைக்கிறேன். ஒரு எழுத்துகூட எடுத்துக் கொடுக்க மாட்டேன், எனக்கு அது வராது. இப்பல்லாம் நான் பேனாவை எடுத்தாலே சமையலறைக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கறா."

மிர்சினி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்து அவளுக்கு டெஸ்டை நீ வைக்கிறியா?"

"நானா? எல்லார் முன்னாடியும் என்னைப் பொய்க்காரின்னு சொன்னீங்களே சார்!"

"அதனாலதாம்மா கூப்பிடறேன்" என்றார் பேராசிரியர்.