உட்கார்ந்தவளுக்கு ஓர் உடை

அந்தப் பெரிய ஆடை நிறுவனத்துக்குப் புது கிரியேட்டிவ் டைரக்டரைத் தேர்ந்தெடுக்கும் நாள். வருகிறவர்கள் எல்லாரும் ஒரே துணியை ஒரே உடம்பில் குண்டூசி குத்தி உடையாக்கிக் காட்ட வேண்டும் என்பது அங்கே வழக்கம். அந்த உடம்பு பிலோமினாவுடையது. காலையிலிருந்து நிற்கிறாள், பாவம். அசையாமல் நிற்பதுதான் அவள் வேலை. சாய்ந்தால் நாளைக்கு வேறொருத்தி வந்துவிடுவாள். ஒவ்வொருவராக வந்து சுற்றினார்கள், அவிழ்த்தார்கள், போனார்கள். எல்லாம் அழகுதான், குறை சொல்லக் கூடாது. கடைசியாக வந்த நஸ்ரின் துணியைத் தொடவே இல்லை. பிலோமினாவின் கால்களைப் பார்த்தாள்.

"அக்கா, கால் வீங்கியிருக்கே. உக்காருங்க."

"வேணாம்மா. உனக்கும் இந்த வேலை கிடைக்காது, எனக்கு இருக்கிறதும் போயிடும்."

"போனா ரெண்டு பேரும் டீ குடிக்கப் போலாம். உக்காருங்கக்கா."

பிலோமினா உட்கார்ந்தாள். நஸ்ரின் தரையில் மண்டியிட்டு, மடங்கிய முழங்காலுக்கும் தளர்ந்த இடுப்புக்கும் ஏற்றபடி துணியை மடித்துக் குத்தினாள். எங்கும் இறுக்கவில்லை.

முதலாளியம்மா வேதவல்லி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "நல்லாத்தான் இருக்கு. எழுந்து நில்லு பிலோ, துணி எப்படி விழுதுன்னு பாப்போம்."

நஸ்ரின் ஊசிப்பெட்டியை மூடினாள். எழுந்தால் அத்தனை மடிப்பும் குலைந்துவிடும் என்று பிலோமினாவுக்குத் தெரியும். நாற்காலியின் கைப்பிடிகளைப் பற்றினாள். அறையே அவள் எழுவதற்காகக் காத்திருந்தது.

அவள் இன்னும் கொஞ்சம் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.