படமில்லாத ஆணி

"இன்னாய்யா இது, மூணு மாசமா ஆணி சும்மாவே கீது?"

வாசற்படியில் நின்றபடியே கத்தினேன். உள்ளே போக எனக்கு மனமில்லை.

சேலையூரில் என் அப்பா நெல் போட்ட மண்ணில் நான் கட்டிய வீடு அது. வாடகைக்கு விடும்போதே சாமி மாடத்துக்கு மேலே நானே ஓர் ஆணி அடித்துக் கொடுத்துவிடுவேன். குடிவருகிறவர்கள் முதலில் படத்தை மாட்ட வேண்டும், அப்புறம்தான் பால் காய்ச்ச வேண்டும். எந்தச் சாமி என்று நான் கேட்டதில்லை. முன்பு குடியிருந்த தாவீது வாத்தியார் மாதா படம் மாட்டியிருந்தார்.

இந்த சர்தார், குர்தயாள் சிங், தாம்பரம் விமானப்படையில் மெக்கானிக். பால் காய்ச்சினான். படம் மாட்டவில்லை. மாடத்தில் பட்டுத்துணி சுற்றிய சின்னப் புத்தகம் ஒன்று இருந்தது, அவ்வளவுதான்.

வந்த நாளிலிருந்தே அவனைக் கண்டால் எனக்கு ஆகாது. தெருவுக்கு வர அவன் வாசலைத் தாண்டித்தான் வரவேண்டும். கதவு திறந்திருந்தால் அந்த வெற்றுச் சுவர் கண்ணில் படும். பார்த்ததுமே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"உங்க ஆளுங்க வூட்ல தாடி வெச்ச குரு படம் கீதே, அதையாச்சும் மாட்டுறதுக்கின்னா?"

"அவரு குரு சார், சாமி இல்லே," என்றான் அரைகுறைத் தமிழில். "சாமி ஒண்ணுதான். உருவம் இல்லே. பொறக்கலே, சாகலே. பயம் இல்லே. யார் மேலயும் பகை இல்லே."

பகை இல்லையாம். எனக்கு இருந்தது, தொண்டை வரைக்கும் இருந்தது. பிறக்கவும் இல்லை, சாகவும் இல்லை என்றால் அந்தச் சாமிக்கு மனுஷன் படுகிற பாடு என்ன தெரியும்?

அவன் மனைவி நிறைமாத வயிற்றோடு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. என் குரல் புரிந்திருக்கும்.

"ஒண்ணாந் தேதி வூட்டக் காலி பண்ணு. மூஞ்சியில்லாத சாமி என் வூட்டுக்கு ஆவாது."

"டெலிவரிக்கு இருபது நாள் இருக்கு சார்."

கெஞ்சவில்லை. சும்மா தகவல் சொல்வதுபோலச் சொன்னான். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

பிறகு என் கையில் இருந்த பூப்பொட்டலத்தைப் பார்த்தான். காலையிலேயே மார்க்கெட்டுக்குப் போய் வாங்கி வந்த மாலை. "சாமிக்கா சார்?" என்றான்.

திரும்பி நடந்தேன்.

எங்கள் வீடு அதே மனையில் பின்னால் இருக்கிறது. என் மனைவி அஞ்சம்மாள் தலைக்குக் குளித்துவிட்டுப் படையல் போட்டிருந்தாள். வாழையிலையில் சர்க்கரைப் பொங்கல். பக்கத்தில் இரண்டு வயதுக் குழந்தையின் அளவுக்கு ஒரு பாவாடை சட்டை. வருஷா வருஷம் அதே அளவுதான் வாங்குகிறோம்.

எங்கள் மகள் அம்சா மூளைக்காய்ச்சலில் போய் அன்றோடு பதினோரு வருஷம்.

போட்டோ எடுத்தால் பிள்ளைக்கு ஆயுசு குறையும் என்பார்கள். அவளுடைய முதல் பிறந்தநாளுக்கு என் மச்சான் குப்புராஜ் ஸ்டுடியோக்காரரைக் கையோடு கூட்டிவந்தான். வாசலோடு அவரை விரட்டி அடித்தவன் நான்தான்.

இப்போது அவள் மூக்கு எப்படி இருந்தது என்றுகூட எனக்கு நினைவில்லை.

பொட்டலத்தைப் பிரித்தேன். படையலுக்கு மேலே எங்கள் சுவரில் இருந்த வெறும் ஆணியில் மாலையை மாட்டினேன்.

"சர்தார காலி பண்ண சொல்ட்டியா?" என்றாள் அஞ்சம்மாள்.

"சொல்ட்டேன். அவங்க சாமிக்கு மூஞ்சியே இல்லியாம்."

கற்பூரத்தை ஏற்றிவிட்டு அவள் அந்த ஆணியைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"அப்ப எத்தப் பாத்து கும்புடுவாங்களாம்?" என்று கேட்டாள்.