கடித்த எலும்பு

விளக்கின் வெள்ளை வட்டத்துக்குள் பூனைத் தலையளவு மண்டையோடு ஒன்று பல்லைக் காட்டிக்கொண்டு கிடக்கிறது. பாலூட்டிகள் தோன்றுவதற்கு முன்னால் வாழ்ந்த, நமக்குத் தூரத்துச் சொந்தமான ஒரு மிருகம். அதன் மேல் குனிந்திருக்கிறாள் அவள். காற்றழுத்தத்தில் அதிரும் ஊசி அவள் கையில் கிர்ரென்று கத்துகிறது. தாடையை மூடியிருந்த சிவப்புக் கல் மாவாக உதிர்ந்து புறங்கையில் படிகிறது. கல்யாணமான புதிதில் கையில் எடுத்த ஊசி. இத்தனை வருஷ இரைச்சலில் அவளுடைய வலது காதைத் தின்றுவிட்டது. போன மாதம் சாப்பாட்டு மேஜையில் புருஷனிடம் அதைச் சொன்னாள். “ம்” என்றான், செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இந்த ஆய்வுக்கூடத்துக்கே தலைவன் அவன். இப்போது அவளுக்கு வலப்பக்கம் நின்று டிவிக்காரர்களுக்கு விளக்கிக்கொண்டிருக்கிறான். அவளுக்குக் கேட்கவில்லை. கேட்கவும் வேண்டாம், அந்தப் பேச்சு அவளுக்கு மனப்பாடம். ‘தாடை மூட்டுல கடிக்கிறதுக்கு இருந்த எலும்புங்க. கொஞ்சம் கொஞ்சமா சிறுத்து, பின்னால நகர்ந்து, கடைசியில காதுக்குள்ள போயிடுச்சு. அதை வச்சுத்தாங்க நாம இன்னைக்குக் கேக்கறோம்.’

ஊசியை நிறுத்திவிட்டுத் தூசியை ஊதுகிறாள். அரிசி போல அந்த எலும்பு வெளியே தெரிகிறது. தோளில் பட்டென்று அவன் கை விழுகிறது. இடது காதைத் திருப்புகிறாள்.

“மண்டையோட்டத் திருப்பிக் காட்டுன்னு எத்தனை தடவை சொல்றது? காது என்ன செவிடா?”

கேமராக்காரர் சிரிக்கிறார்.

“ஆமாங்க” என்கிறாள்.

அதற்கும் சிரிக்கிறார்கள். அவனும்தான்.