நீலம் ஏறும் தெரு

திரையில் ஆறு கரையை மீறியது.

மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். படம் தெரிய வேண்டும் என்று பகலிலேயே ஜன்னல்களை மூடியிருந்தார்கள்.

மேடையில் என் மகள் நின்றிருந்தாள். கையில் ஒரு சின்னக் கருவி. அழுத்தினால் மழை பெய்கிறது, அழுத்தினால் நிற்கிறது. இடி இடித்தால் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தவள் அவள்.

திரையில் இருந்தது எங்கள் ஊர்தான். மேடு பள்ளம், பாலம், சாக்கடை, வாசற்படி உயரம் வரை அளந்து எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்குள் கட்டி வைத்திருக்கிறாள். பேய்மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் பாயும் என்று அதில் ஓட்டிப் பார்ப்பதுதான் அவள் வேலை. நான் கூடையில் மண் சுமக்கிறவன். அவள் ஒரு கூடை மண் தொடாமல் ஊரையே எழுப்பிவிட்டாள்.

திரையில் தண்ணீருக்கு நீல நிறம்; நீலம் ஏறும் தெருவைக் காலி செய்ய வேண்டும் என்று அரசாங்கத்தில் அறிவித்திருந்தார்கள். மாற்று இடம் ஊருக்கு வெகு தொலைவில். அதனால்தான் வேலைக்குப் போகாமல் எங்கள் தெருவே வந்து உட்கார்ந்திருந்தது.

பக்கத்து நாற்காலியிலிருந்த சைக்கிள் கடைக்காரர் என் காதில் குனிந்தார்.

"உங்க பொண்ணுகிட்ட சொல்லி நம்ம தெருவ மட்டும் கொஞ்சம் மேடாக்கச் சொல்லுங்கண்ணே. கம்ப்யூட்டர்தானே, மண்ணா சுமக்கப் போறா?"

நான் திரையிலேயே கண்ணாக இருந்தேன். தெருப் பெயர்களைப் படித்துக்கொண்டிருந்தேன். தலை நரைத்த பிறகு எழுத்துக் கற்றவன் நான், கூட்டிக் கூட்டித்தான் படிப்பேன். ஒரு பெயரை முடிப்பதற்குள் தண்ணீர் அதை மூடிவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விடும்.

எங்கள் தெருப் பெயரை மட்டும் எழுத்துக் கூட்டாமலே படித்தேன்.

நீலம் தெருமுனைக்கு வந்தது. யோசிப்பது போல நின்றது. யாரோ கடவுளைக் கூப்பிட்டார்கள்.

பிறகு ஒரு வீட்டின் பின்பக்கமாக உள்ளே நுழைந்து, வாசல் வழியாக வெளியே வந்து, தெரு முழுவதும் பரவியது.

ஆளாளுக்குக் கத்தினார்கள். கூட்டம் நடத்த வந்திருந்த அதிகாரி எழுந்து நின்றார். கணக்கு எங்கேயாவது தப்பியிருக்குமோ, எதையாவது மாற்றிப் போட்டுப் பார்க்கலாமே என்றார்.

மண்டபம் அடங்கியது. ஒரு வார்த்தையில் தெரு பிழைத்துவிடும். அந்த வார்த்தைக்காக எல்லோரும் அவள் வாயையே பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

"மாத்தி மாத்திப் போட்டுப் பாத்துட்டேன் சார். தண்ணி இங்கதான் முதல்ல ஏறுது."

சிவப்பு வெளிச்சத்தால் அந்த வீட்டைத் தொட்டுக் காட்டினாள். யாருடையது என்று சொல்லவில்லை. மேலிருந்து பார்த்தால் எல்லாக் கூரையும் ஒன்று போலத்தான்.

"படிச்ச திமிரு! நம்ம வீடு போனா இவளுக்கென்ன?" என்று பின்னால் ஒரு குரல்.

நான் எழுந்து கை தட்டினேன். காய்த்துப்போன கை. தனியாகத் தட்டினாலும் நன்றாகவே கேட்டது.

சைக்கிள் கடைக்காரர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். நான் உட்காரவில்லை.

அந்த வீட்டின் பின்பக்கம் ஒரு சின்ன அறை மட்டும் தனியாக நீட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் நுழைந்தது அது வழியாகத்தான். மகள் தொந்தரவு இல்லாமல் உட்கார்ந்து படிக்கட்டும் என்று, வேலை இல்லாத நாட்களில் நானே கட்டிச் சேர்த்த அறை.

மேலிருந்து அதைப் பார்ப்பது எனக்கு இதுதான் முதல் தடவை.

சுவர் நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது.