சுண்டல் சாப்பிடாதவர்கள்

தடதடவென்று தகரம் சரியும் சத்தம். ஸ்ரீதேவி மிஸ்ஸின் உயிரியல் வகுப்பு அப்படியே ஜன்னலுக்கு ஓடியது.

பள்ளி வாசலில் ஹமீது பாயின் சுண்டல் வண்டி. அதன் கூரைத் தகரத்தை வாட்ச்மேன் கருப்பன் பிடுங்கிப் போட்டிருந்தார். பாதி நறுக்கிய மாங்காயோடு பாய் திகைத்து நின்றார்.

பிள்ளைகளுக்கு வாந்தி வருவது பாயின் சுண்டலால்தான் என்று தலைமையாசிரியர் சுப்புராமனுக்கு ஒரு மொட்டைக் கடுதாசி வந்திருந்தது. அவருக்கு அது போதும்; வாசலுக்கே வந்துவிட்டார். இனி இந்தத் தெருவிலேயே வண்டி நிற்கக் கூடாது என்றார்.

"பதினோரு வருசமா இங்கதான் கீறேன் சார். மாமல்லபுரம் பீச்சுல ஆளாளுக்கு இடம் புடிச்சி வெச்சிகினு கீறாங்க. நான் எங்க போவேன்?"

பிளஸ் ஒன் பொன்னி நோட்டோடு ஓடி வந்தாள். பின்னாலேயே மிஸ்.

ஒன்றின் மேல் பழி போடும் முன், அது இல்லாத இடத்திலும் அதே கெடுதல் நடக்கிறதா என்று பார். போன வாரம் மிஸ் நடத்திய பாடம். பொன்னி வகுப்பு வகுப்பாகப் போய்க் கேட்டு எழுதியிருந்தாள்.

"வாந்தி எடுத்தவங்க முப்பத்தோரு பேர் சார். அதுல பதினாலு பேர் பாய் சுண்டலைத் தொட்டதே இல்ல. சுண்டல் தின்னாலும் வூட்டுத் தண்ணி குடிக்கிறவங்களுக்கு ஒண்ணும் ஆகல. அந்த முப்பத்தோரு பேரும் குடிச்சது நம்ம டேங்க் தண்ணி."

சுப்புராமன் நோட்டை இரண்டு தரம் படித்தார். கருப்பனை மாடிக்கு அனுப்பினார்.

கருப்பன் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கி வந்தார். மூடி விலகிய தொட்டியில் இரண்டு புறாக்கள் செத்து ஊறிக் கிடந்தனவாம்.

பின்னால் வந்து கூடியிருந்த பிள்ளைகளில் ஒருத்தி தன் தண்ணீர் பாட்டிலை ஓரமாகக் கவிழ்த்துக் கொட்டினாள்.

பாயிடம் மன்னிப்புக் கேட்ட சுப்புராமனின் கோபம் கடுதாசி மேல் திரும்பியது. எழுதிய ஆள் மட்டும் கையில் கிடைக்கட்டும் என்றார்.

"அந்த ஆள் எங்க மிஸ் கிளாஸ்ல ஒரு நாள் உக்காந்திருக்கணும் சார்," என்றாள் பொன்னி. நாலைந்து பேர் சிரித்தார்கள்.

ஸ்ரீதேவி சிரிக்கவில்லை.

"நான்தான் சார் எழுதினேன். ரெண்டு பசங்க சுண்டல் பொட்டலத்தோட வாந்தி எடுத்ததைப் பார்த்தேன். மத்தவங்களைக் கேக்கணும்னு தோணவே இல்ல."

பொன்னி மிஸ்ஸையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஹமீது பாயும் பார்த்தார். குனிந்து, மீதி மாங்காயை நறுக்க ஆரம்பித்தார்.